ஓரம் மட்டும் தெரிகிறது

ஆடையின் ஓரம் தெளிவாகத் தெரிகிறது. ஆண்டவரின் முகம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. மருத்துவமனைச் சிற்றாலயத்தின் மூன்றாவது பெஞ்சில் தையல்காரி கண்களை மூடி மனச்செபம் செய்து பார்க்கிறாள். செய்முறை எளியதுதான்: நற்செய்தியில் ஒரு காட்சியை மனத்தில் விரித்து, அதற்குள் தானும் போய் நின்று, ஆண்டவரிடம் நேருக்கு நேர் பேச வேண்டும். பன்னிரண்டு ஆண்டு நோயோடு கூட்டத்துக்குள் நுழைந்து, பின்னாலிருந்து அவர் ஆடையின் ஓரத்தைத் தொட்டே குணமான பெண்ணின் காட்சியை அவள் எடுத்திருக்கிறாள். ஆனால் ஆடையைக் கண்டதும் மனம் தொழிலுக்குத் தாவிவிடுகிறது. மடிப்பு அரை அங்குலமா, கைத்தையலா என்று ஆராய்கிறது. மேல்மாடியில் அவள் கணவனின் நெஞ்சைத் திறந்து மூன்று மணி நேரமாகிறது. வண்ணக் கண்ணாடியின் நீல வெளிச்சம் அவள் மடியில் கிடக்கிறது. விரல்கள் கைக்குட்டையின் ஓரத்தை மடித்து மடித்து நீவுகின்றன. “அண்ணி, தூங்கிட்டீங்களா?” என்று நாத்தனார் முழங்கையால் இடிக்கிறாள். “செபம் பண்றேன்டி.” “கை தச்சுக்கிட்டுல்ல இருக்கு! கடையையும் கூடவே கொண்டாந்துட்டீங்களா?” சிரிக்கத் தொடங்கியவளின் குரல் உடைகிறது. “அண்ணன் பொழச்சிருவாருல்ல?” “தெரியலடி. ஆண்டவர்கிட்ட கேக்கலாம்னா முகமே வரல. துணியோட ஓரந்தான் தெரியுது.” நாத்தனார் மூக்கை உறிஞ்சுகிறாள். “அவரு துணியத் தொட்ட அந்தம்மாவும் பின்னாலதான வந்தாங்க? அவங்களுக்கு மட்டும் முகமா தெரிஞ்சுது?” தையல்காரி மறுபடி கண்களை மூடுகிறாள். இம்முறை மேலே பார்க்க முயலவில்லை. மனத்துக்குள் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பிடித்தபடியே பேசத் தொடங்குகிறாள்.