தண்ணீரைக் குறைத்தவள்

"அந்தப் பொறுப்புலேர்ந்து அவளை மாத்திடுங்க சார்!"

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்றவர் எண்ணெய்க் கிணற்றின் சூப்பர்வைசர். மாற்றச் சொன்னது சொந்த மனைவியை!

"முதல்ல உட்காருங்க. என்ன பண்ணிட்டாங்க?"

"என்ன பண்ணலை? சுத்தியிருக்கிற கிணறுகள்ல தண்ணியை இறக்கினாத்தான் அடியில கிடக்கிற எண்ணெய் என் கிணத்துப் பக்கம் நகர்ந்து வரும். எங்கே, எவ்வளவு இறக்கணும்னு திட்டம் போடுற இன்ஜினீயர் அவ. திடீர்னு பாதியாக் குறைச்சிட்டா. என் கிணறு படுத்திருச்சு!"

"வீட்ல கேட்டீங்களா?"

"கேட்காம இருப்பேனா? 'கொஞ்சம் பொறுங்க'ங்கிறா. அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டேங்கிறா. 'தண்ணியைக் குறைச்சே உனக்குத் தண்ணி காட்டிட்டாங்களே'ன்னு ஷிப்ட்ல எல்லாரும் கேலி பண்றாங்க. இந்த வட்டாரத்துல முதன்முதலா எண்ணெய் கொடுத்த கிணறு சார் அது!"



மேனேஜர் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். "இன்னிக்குக் காலையில எடுத்த சோதனை. பாருங்க."

பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கிணற்றில் வரும் தண்ணீர் குறைந்திருந்தது. எண்ணெயோ பழைய அளவையும் தாண்டி ஏறியிருந்தது!

"எப்படி சார்?"

"வேகமா இறக்கின தண்ணி எண்ணெயைத் தள்ளாம, குறுக்கு வழியில புகுந்து நேரா உங்க கிணத்துக்கே வந்துக்கிட்டிருந்தது. நிதானமா இறக்கினா எண்ணெயைத் தள்ளும்னு உங்க மனைவி சொன்னாங்க. தள்ளிருச்சு. இனிமே எல்லாக் கிணத்துக்கும் இந்தத் திட்டம்தான்."

சூப்பர்வைசருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "அவ கணக்கு தப்பாது சார். யார் பொண்டாட்டி!"

"அப்ப மாத்த வேண்டாமா?"

"அது... சும்மா ஒரு பேச்சுக்கு..." என்று அசடு வழிந்தார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "வெறும் தண்ணிதான் வருது, அந்தக் கிணத்தை மூடிடுங்கன்னு மேலிடத்துலேர்ந்து, தண்ணியைக் குறைக்கிறதுக்கு முன்னாடியே உத்தரவு வந்திருச்சு. 'கொஞ்சம் அவகாசம் கொடுங்க. சரியா வரலைன்னா நான் வேலையை விட்டே போயிடறேன்'னு மல்லுக்கு நின்னது அவங்கதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே சார்!"

"நானும் கேட்டேன். 'கிணத்தை மூடப்போறாங்கன்னு தெரிஞ்சா அவருக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்காது சார். என்னைத் திட்டிக்கிட்டாவது சாப்பிடட்டும்'னாங்க."