பின் சீட்டில் ஒரு கயிறு

காலை ஆறு பத்துக்கு மனைவி காரின் பின் சீட்டில் ஒரு சுருள் கயிற்றை வைத்தாள். அவனுக்குச் சுருக்கென்றது.

"அது எதுக்கு?"

"தேவைப்படும்."

நியாயம்தான். பாதை இல்லாத இடங்களில் கார் ஓட்டக் கிளம்பி, நான்கு முறை மாட்டிக்கொண்டு, நான்கு முறையும் டிராக்டர் இழுத்து வீடு வந்து சேர்ந்தவன் அவன். நண்பர்கள் வட்டாரத்தில் அவனுக்குப் பெயரே கயிறு. இருந்தாலும் கட்டிய மனைவியே அதை எடுத்து வைப்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

இந்தத் தடவை அப்படி ஆகாது. காரோடு வந்த ஜிபிஎஸ்ஸுக்குத் தார் ரோடு முடிந்தால் உலகமே முடிந்தது; அப்புறம் திரை முழுக்க வெறும் சாம்பல் நிறம். அந்தச் சாம்பலைத்தான் அவன் ஒரு வருஷமாக நிரப்பியிருந்தான். சாட்டிலைட் படங்களை உற்றுப் பார்த்து, ஓடைக்கு நீலம், மணலுக்கு மஞ்சள், மேட்டுக்குப் பழுப்புக் கோடு என்று தன் கையால் ஒரு மேப் வரைந்து மெமரி கார்டில் ஏற்றியிருந்தான்.

அந்த மேப்பைப் பார்த்து இதுவரை சிரித்தவள், நேற்று தானாக வந்து ஒரு பென் டிரைவை நீட்டினாள். அவள் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர்.

"எங்க நிலையத்துல ஒருத்தன் இருக்கான். அவன் நடந்து போன தடம் இதுல இருக்கு. இதை உங்க மேப்புல ஏத்தி, தடம் முடியற இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போக முடியுமா?"

"அங்க என்ன?"

"அவன்தான். திங்கட்கிழமை அவன் நிலையத்துல இருந்தாகணும். இல்லாட்டி என் ஆறு மாச வேலை அம்போ."

"ஒரு போன் போட்டுக் கூப்பிட வேண்டியதுதானே?"

"எடுக்க மாட்டான்."

பந்தயத்தையும் அவளே சொன்னாள். கொண்டு போய்ச் சேர்த்துவிட்டால், இனி ஜென்மத்துக்கும் மேப்பைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். சேர்க்காவிட்டால் மெமரி கார்டை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். அவன் யோசிக்காமல் தலையாட்டினான். யோசிக்காமல் தலையாட்டித்தான் அவனுக்கு அந்தப் பெயரே வந்தது.

தார் ரோடு முடிந்தது. திரையில் நீலமும் மஞ்சளும் விரிய, நடுவே அந்த ஒருத்தனின் தடம் சிவப்புக் கோடாக ஓடியது. நேராகப் போகத் தெரியாத கோடு. புதருக்குப் புதர் நின்று நின்று போயிருந்தது.

"நின்னு திசை பார்த்திருக்கான். விவரமான ஆள்தான்."

"ரொம்ப," என்றாள் அவள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

முள் இரண்டு பக்கமும் கீறியது. பக்கத்து வீட்டு நாய்க்குட்டி கார் சீட்டில் ஏறியதற்காக ஒரு வாரம் அந்த வீட்டோடு பேசாமல் இருந்தவன், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.

"ஆள் பார்க்க எப்படி இருப்பான்?" முடிந்தவரை சாதாரணமாகக் கேட்டான்.

"நிலையத்துலயே அவன்தான் அழகு."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"முன்னாடி பார்த்து ஓட்டுங்க."

ஓடையைத் தாண்டியதும் சிவப்புக் கோடு ஒரு பாறைச் சரிவில் நேராக மேலே ஏறியது. அங்கே மேப்பில் பழுப்புக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. செங்குத்து என்று அர்த்தம். வரைந்தவன் அவன்தான், ஆனாலும் வரைந்ததை அவனே நம்பியது அன்றைக்குத்தான்.

"இதுல எப்படிய்யா ஏறினான்?"

"அவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி."

அவன் இறங்கி நான்கு டயரிலும் கொஞ்சம் காற்றைக் குறைத்தான். மஞ்சள் நிறத்தைப் பிடித்துக்கொண்டு மேட்டைச் சுற்றினான். நடுவில் ஒருமுறை சக்கரம் மணலில் சுழன்றது. அவள் கை பின் சீட்டுக் கயிற்றின் பக்கம் போனதைக் கண்ணாடியில் பார்த்தான். பார்த்த ரோஷத்திலேயோ என்னவோ, வண்டி மேலேறிவிட்டது.

ஒன்பது நாற்பதுக்குச் சிவப்புக் கோடு முடிந்தது. காரும் அங்கேதான் நின்றது. ஒரு டிராக்டரும் இல்லாமல்.

"பார்த்தியா? கயிறு தேவையே படலை," என்றான்.

அவள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அதற்குள் இறங்கி, புதர்களுக்குப் பின்னால் போய்விட்டிருந்தாள்.

கயிறு எதற்கு என்று அவன் யோசிக்கவில்லை. அவனுக்கு வேறு அவசரம் இருந்தது. கண்ணாடியில் தலையைச் சீவினான். சட்டையை உள்ளே செருகினான். கை குலுக்கும்போது சொல்ல வேண்டியதை ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "நான்தான் டாக்டரோட வீட்டுக்காரர்." குரல் கீச்சென்று வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் கட்டையாக இன்னொரு முறை சொன்னான்.

புதருக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"வாடா என் தங்கம். கோவமா? எங்கெல்லாம்டா தேடுறது உன்னை?"

அவன் காது சூடாகியது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இந்தக் குரலை அவன் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அங்கே தன்னைக் கொண்டு வந்து சேர்த்தது தன் மேப்தான் என்பது நினைவுக்கு வந்தது. இத்தனை நாள் வழி தவறியதெல்லாம் எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

கார்க் கதவைத் திறந்து இறங்கி, மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான். புதர் அசைந்தது. அவள் மூச்சிரைக்கக் கத்தினாள்.

"பின் சீட்டை மடக்குங்க, கொம்பு கண்ணாடியில இடிக்கும்!"