எந்த நிறம் மேலே

“ஏன் ஆன்ட்டி, உங்க ரெண்டு பேருக்கும் ஒரே கொசுவலை?”

வீட்டுக்காரரின் ஆறு வயது மகள் அவளிடம் கேட்டாள்.

அவளும் சுகிர்தாவும் அந்த ஒற்றை அறைக்குக் குடிவந்த புதிது. இருவரும் ஒரே பள்ளியில் டீச்சர். ஊருக்கு அக்கா தங்கை.

சுகிர்தா சுவரைப் பார்த்தாள்.

வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்த செண்பகம் அக்காதான் மகளுக்குப் பதில் சொன்னார்.

“கொசு என்ன, ஆளுக்கு ஒரு வலைன்னா கேட்டுச்சு? போடி, போய் விளையாடு.”

அடுத்த வாரம் பெரிய கொசுவலை ஒன்றைக் கொண்டுவந்தார். “ரெண்டு பேருக்கும் தாராளமா இருக்கும்” என்றார், முகத்தைப் பார்க்காமல்.

அவள் நன்றி சொல்லவில்லை. சொன்னால், எதற்கு என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

செண்பகம் அக்கா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. நன்றி இவளிடமே தங்கிவிட்டது.

இப்போது இருவருக்கும் சொந்த வீடு. மாடிக்கு வாடகை கேட்டு இரண்டு பெண்கள் வந்தார்கள்.

“நாங்க ஃப்ரெண்ட்ஸ் இல்ல ஆன்ட்டி, ஜோடி. அப்புறம் தெரிஞ்சு சங்கடம் வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடறோம்.”

வாழ்நாள் முழுக்க அவள் விழுங்கிய சொல். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கிற குரலில் சொல்லிவிட்டாள் அந்தப் பெண்.

“பால் எத்தனை பாக்கெட் சொல்லணும்?”

அதுதான் அவள் வாயில் வந்தது.

குடிவந்த மறுநாள் மாடிப்படிக் கம்பியில் ஒரு துணி தொங்கியது. வானவில் நிறங்கள், இவர்களைப் போன்ற ஜோடிகளின் கொடி. தெருவுக்கே தெரிந்தது.

அவளுக்குச் சந்தோஷமா, பயமா, பொறாமையா? ஜெபத்தில் எதைக் கேட்பது என்றே புரியவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது எதிர்வீட்டு ஸ்டெல்லா கையைப் பிடித்தாள்.

“அந்தத் துணிய எடுக்கச் சொல்லுங்க டீச்சர். இல்லன்னா காலி பண்ணச் சொல்லுங்க. நீங்களும் சுகிர்தா டீச்சரும் இத்தனை வருஷமா எவ்வளவு கண்ணியமா இருக்கீங்க!”

பாராட்டுதான். ஏன் வலித்தது?

“சொல்றேன்” என்றாள்.

“என்னன்னு சொல்லுவ?” வீட்டில் சுகிர்தா கேட்டாள். “நாங்க ஒளிஞ்சோம், நீங்களும் ஒளிங்கன்னா?”

திங்கள் மதியம். பெண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். சுகிர்தா தூங்கிக்கொண்டிருந்தாள்.

காற்றும் மழையுமாக அடித்து ஓய்ந்தது. துணி அவிழ்ந்து வீட்டின் பக்கவாட்டுச் சேற்றில் கிடந்தது.

தெருவில் யாருமில்லை.

எடுத்து பீரோவுக்கு அடியில் செருகினால் முடிந்தது. காற்று கொண்டுபோனதாக இருக்கட்டும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். ஆண்டவரே வழி காட்டிவிட்டார் என்றுகூட நினைத்தாள்.

கை சோப்பை எடுத்தது.

கல்லில் அடிக்கவில்லை. சாயம் போய்விடுமோ என்று பயம். அலசி, பிழிந்து, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

கம்பி அருகே வந்ததும் குழம்பினாள்.

சிவப்பு மேலேயா, ஊதா மேலேயா?

இத்தனை நாளில் ஒருமுறைகூட அதை நிமிர்ந்து பார்த்ததில்லை.

யாரைக் கேட்பது?

ஊதாவை மேலே வைத்தாள். மூலைக்கு இரண்டு முடிச்சு. இழுத்துப் பார்த்தாள். இன்னொன்றும் போட்டாள்.

சுகிர்தா எழுவதற்குள் இறங்கி, ஈரப் புடவையை மாற்றிக்கொண்டாள்.