விரலில் மை

“ஏட்டி, உனக்கு வாசிக்கத் தெரியுமா?” என்று பூமாரி அக்கா கேட்டாள்.

அறுபத்தைந்து மார்ச்சில், தாராவியில் தோல் பதனிடும் ஷெட் வாசலில் நாங்கள் நாற்பது பெண்கள் ஆறு நாளாக வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தோம். சுண்ணாம்பில் வெந்த கையைக் கழுவ ஒரு குழாய் வேண்டும், அவ்வளவுதான். கணக்கப்பிள்ளை ஒரு தாளை எங்களிடம் நீட்டியிருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கூட்டத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. தெரியாது என்று தலையாட்டினேன்.

“குழாய் போட்டுத் தாரோம்னுதான் எழுதியிருக்கு. ரேகை வைங்க,” என்றார் கணக்கப்பிள்ளை.

“ஜெயிச்சுட்டோம்ட்டி,” என்று பூமாரி அக்கா முதலில் வைத்தாள். சுண்ணாம்பு தின்ற விரல். ரேகை விழ இரண்டு முறை அழுத்தினாள். நானும் வைத்தேன்.

ஒரு மாதமாகியும் குழாய் வரவில்லை. கேட்டதற்குக் கணக்கப்பிள்ளை சிரித்தார். “குழாய் வேண்டாம்னு நீங்கதானே ரேகை வச்சுக் குடுத்தீங்க?”

மறுநாள் மத்தியானம் அக்கா என் குடிசைக்குள் குனிந்து வந்தாள். “மறுபடி உட்காரப் போறோம். இந்தத் தடவை வாசிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். உனக்கு யாரையாவது தெரியுமாட்டி?”

என் மடியில் நோட்டு திறந்து கிடந்தது. குழாய் வேண்டாம் என்றிருந்த அந்தத் தாளின் நான்கு வரிகளையும் அன்றைக்கே அதில் எழுதி வைத்திருந்தேன். அதன் கீழே இன்னும் எழுதிக்கொண்டிருந்தேன்.

அக்கா நோட்டைப் பார்த்தாள். பிறகு என் விரலில் காயாத மையைப் பார்த்தாள். குனிந்து வெளியே போனாள்.