வெள்ளை மண் விரல்

ஆஸ்திரேலியப் பாலைவனப் பழங்குடியினர் துக்கம் காக்கக் கூடும் சாவு முகாமில் மதிய வெயில் தகரக் கூரையைக் காய்ச்சுகிறது. டெல்வினாவின் அம்மா முகமெல்லாம் வெள்ளைக் களிமண் பூசிச் செம்மண் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் துக்கம் கழியும்வரை வாய் திறக்கக் கூடாது. கைதான் பேச வேண்டும். செத்தவன் பெயரை யாரும் சொல்வதில்லை, படத்தைப் பார்ப்பதில்லை. வீட்டுச் சுவரில் இருந்ததையெல்லாம் அன்றைக்கே கழற்றி மூடியாயிற்று. கைபேசியை யார் மூடுவது? ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்து ஊழியக்காரர் பிராட் முன்பு எடுத்த சாட்சி வீடியோ முகாமெங்கும் ஓடுகிறது. "சாகணும்னுதான் இருந்தேன். இயேசு என்னப் பிடிச்சு நிறுத்திட்டாரு" என்று, போன வாரம் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட டெல்வினாவின் தம்பி பல் தெரியச் சிரிக்கிறான்.

"அத எடுத்துருங்கண்ணே. அம்மா இங்கதான் இருக்காங்க" என்று டெல்வினா போனில் பிராட்டிடம் கெஞ்சுகிறாள்.

"இப்பத்தானேம்மா சூடு பிடிச்சிருக்கு! எத்தன பிள்ளைங்க ஆமென் போட்டிருக்காங்க பாரு. அம்மாவயும் ஒரு நிமிஷம் எடுத்து அனுப்பேன்."

"அவங்க பேசமாட்டாங்கண்ணே."

"பேச்சு எதுக்கு? பாட்டு சேத்துக்கலாம்."

அவள் அழைப்பைத் துண்டிக்கிறாள். திரையில் மறுபடி தம்பி. அம்மா கை நீட்டி மகளின் போனை வாங்குகிறாள். களிமண் குழம்பில் விரலைத் தோய்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே மகன் முகத்தில் தடவுகிறாள். கண் மறைகிறது, சிரிப்பு மறைகிறது, குரல் ஓயவில்லை. போதும் என்பதுபோல அவன் வாய்மேல் இரண்டு தட்டு தட்டுகிறாள். வெள்ளைப் பூச்சினூடே ஒரு சிவப்பு இதயம் பூரித்து எழுகிறது. "டெல்வினாவுக்கு இது பிடித்திருக்கிறது" என்று பிராட்டுக்குச் சேதி போகிறது.