கேட்காமல் விட்ட கோப்பை

“ரீம்! ரீம்! வந்துட்டா பாரு!”

மணல்மேட்டில் நின்ற அத்தனை பேரும் கத்தினார்கள். மிஷாரியின் வேட்டை நாய் ரீம்தான் இந்தத் தடவையும் முதலில் வந்தது. அவனுடைய மச்சான் தாமிரின் நாய் சக்ர் நாலாவதாக வந்தது. ஓடியதே நாலு நாய்தான்.

ரியாத்திலிருந்து முக்கால் மணி நேரம். குளிர்காலம் வந்தால் நாலு குடும்பங்களும் கூடாரம், காபிக் கெட்டில், நாய்கள் சகிதம் இங்கே வந்து இறங்கிவிடும்.

“மாஷா அல்லாஹ்!” என்றான் பக்கத்துக் கூடாரத்து காலித். எல்லாரும் சொன்னார்கள். எதைப் புகழ்ந்தாலும் அந்த வார்த்தையைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கண் பட்டுவிடும்.

தாமிர் மட்டும், “யப்பா, என்னா ஓட்டம்!” என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ரீம் அவன் வீட்டில் பிறந்த குட்டி. சலூகி ஜாதி நாயை அவர்கள் வழக்கத்தில் விற்க மாட்டார்கள். வேண்டியவர் கேட்டால் சும்மாவே கொடுத்துவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் தங்கை புருஷன் மிஷாரி வந்து கேட்டபோது, இருந்ததிலேயே நோஞ்சானாக, பின்னங்கால் கோணலாக இருந்த குட்டியைத் தேடி எடுத்துக் கொடுத்தான் தாமிர். கொழுகொழுவென்று இருந்த சக்ரைத் தனக்கு வைத்துக்கொண்டான்.

அந்த சக்ர் இப்போது கம்பளத்தில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தது.

“எங்கப்பா புடிச்சே இந்தக் குட்டிய?” காலித் கேட்டான்.

“எங்க மச்சான் குடுத்தது!” மிஷாரி பெருமையாகத் தாமிரின் தோளில் கைபோட்டான்.

“அட தாமிரு! குதிரையைக் குடுத்துட்டுக் கழுதையை வெச்சுக்கிட்டியேப்பா!”

எல்லாரும் சிரித்தார்கள். தாமிரும் பல்லைக் காட்டி வைத்தான்.

தங்கை ஹெஸ்ஸா கூடாரத்து வாசலில் உட்கார்ந்து ரீமின் பாதங்களுக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள். மணலில் ஓடும் கால் வெடிக்காமல் இருக்க எல்லாரும் செய்வதுதான்.

“இந்த வாரம் ரெண்டாவது தடவை. என்ன, நாய்க்குக் கல்யாணமா?” என்றான் தாமிர்.

ஹெஸ்ஸா நிமிர்ந்தாள். “நீங்க மாஷா அல்லாஹ் சொல்லலையே அண்ணே.”

“சொன்னேனே. உனக்குக் காதுல விழல.”

அவள் மருதாணிக் கையோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் ரீம் எழுந்திருக்கவில்லை. தண்ணீரைக்கூட மோந்து பார்க்கவில்லை. நாலு காலும் வெடவெடவென்று நடுங்கின.

“டாக்டருக்குப் போன் போட்டேன். ஒன்பது மணிக்குத்தான் வருவாராம்.” என்றான் மிஷாரி. “அதுக்குள்ள இதையும் பாத்துடலாம்.”

அவன் கையில் ஒரு கிண்ணம் இருந்தது.

எதற்கென்று கேட்க வேண்டியதில்லை. யார் கண் பட்டதோ அவர் குடித்த கோப்பையைக் கழுவி, அந்தத் தண்ணீரை மேலே ஊற்றினால் சரியாகும் என்பார்கள். யார் என்று தெரியாதபோது எல்லாரிடமும் கேட்பார்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

காலித் கூடாரத்துக்குள் மிஷாரி நுழைந்தான். தாமிர் தன் கூடாரத்தில் காபியோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ‘வரட்டும். என்னையே சந்தேகப்படறியாடான்னு நறுக்குன்னு கேட்டுடறேன்’ என்று தயாராக இருந்தான்.

மிஷாரி வெளியே வந்தான். தாமிரின் கூடாரத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போனான்.

“மாப்ளே!” தாமிருக்குத் தாங்கவில்லை. “என் கப்பு வேணாமா?”

மிஷாரி திரும்பினான். “உங்க கப்பா? என்ன மச்சான் பேசறீங்க! இருந்ததுல நல்ல குட்டியா எனக்குக் குடுத்துட்டு, சுமாரானதை நீங்க வெச்சுக்கிட்டீங்க. எவன் மச்சான் அப்படிக் குடுப்பான்? உங்ககிட்டப் போயி கப்பு கேட்டா நான் மனுசனே இல்ல.”

சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

உட்கார்ந்திருக்கவே கூசியது தாமிருக்கு. மிச்சக் காபியை மணலில் கொட்டினான். கோப்பையில் தண்ணீர் விட்டு அலசினான். உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கூடாரங்களின் பின்பக்கமாக, திருடனைப் போல நடந்தான்.

ரீம் மிஷாரியின் கம்பளிப் போர்வைமேல் படுத்திருந்தது. அவனைக் கண்டதும் அதன் வால் தரையில் இரண்டு தட்டுத் தட்டியது. எழப் பார்த்தது. முடியாமல், நீட்டிய அவன் கையை நக்கியது.

“தப்புதான்டி தாயே,” என்றான். “மாஷா அல்லாஹ். மாஷா அல்லாஹ்.”

கோப்பையைச் சாய்க்கப் போனவன் நின்றான். ரீமின் தலையும் முதுகும் ஏற்கெனவே ஈரமாக இருந்தன. மிஷாரி இன்னும் கிண்ணத்தோடு கடைசிக் கூடாரத்தில்தானே இருக்கிறான்?

“போதும் அண்ணே. விடிஞ்சதுமே ஊத்திட்டேன்.” பின்னால் ஹெஸ்ஸா நின்றிருந்தாள். “நேத்து நீங்க குடிச்சு வெச்ச கப்பைக் கழுவுன தண்ணி.”

தாமிர் தலை நிமிரவில்லை. “மிஷாரிக்கு…?”

“தெரியாது. தெரியவும் வேணாம்.” கோப்பையை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். “அவரு உங்களை நம்பறாரு அண்ணே. அதனாலதான் உங்க கப்பை நான் எடுக்க வேண்டியதாப் போச்சு.”