இடுப்பு உயரத் தோரணம்

தோரணத்தை யாராச்சும் இடுப்பு உயரத்துல கட்டுவாங்களா? என் அண்ணி தேவயானி கட்டியிருந்தாங்க.

காணும் பொங்கல் அன்னைக்கு முதல் பஸ்லயே நான் வேப்பந்தட்டைக்கு, எங்க அப்பா வூட்டுக்கு வந்துட்டேன். என் வூட்டுக்காரரும் மாமியாரும் பதினோரு மணிக்குக் கார்ல வர்றதா ஏற்பாடு. எந்த வூட்டுக்குப் போனாலும் என் மாமியார் முதல்ல ஒட்டடை இருக்கான்னுதான் பார்ப்பாங்க. அதான் எல்லாத்தையும் ஒருதரம் சரிபார்த்துடலாம்னு முந்திக்கிட்டேன்.

உள்ளே வந்து பார்த்தா குறை சொல்ல ஒண்ணுமில்லை. சுண்ணாம்புல நீலம் கலந்து அண்ணியே சுவத்துக்கு அடிச்சிருந்தாங்க. பழைய சேலையெல்லாம் வாசலுக்கு வாசல் திரையாத் தொங்குச்சு. வெடிச்ச பருத்திக்காயைக் குச்சியோட ஒடிச்சுப் பித்தளைச் செம்புல வச்சிருந்தாங்க. கடையில வாங்கினதுன்னு ஒண்ணுகூடக் கிடையாது.

அப்புறம்தான் அந்தத் தோரணம் கண்ணுல பட்டுச்சு.

மக்காச்சோளக் கருதை உரிச்ச தோலை மஞ்சள்லயும் பீட்ரூட் சாறுலயும் நனைச்சு, காயவச்சு, பூவாச் சுருட்டி, சணல் கயித்துல நெருக்கமாக் கோத்திருந்தாங்க. பூ அழகுதான். ஆனா கட்டின இடம்? அப்பா ரூம் வாசல்ல ஆரம்பிச்சு, ஹால் சுவரை ஒட்டி இடுப்பு உயரத்துலயே ஓடி, பின்னாடி பாத்ரூம் கதவுகிட்ட போய் முடிஞ்சுது.

"என்ன அண்ணி இது? பாத்ரூமுக்கு எதுக்குத் தோரணம்?"

"சும்மாதான் வள்ளி. பூ நிறைய மிஞ்சிப் போச்சு."

"மிஞ்சினா இப்படியா? எங்க மாமியார் பார்த்தா இதைச் சொல்லியே ஒரு வருஷம் ஓட்டுவாங்க. கழட்டிடுங்க."

"இருக்கட்டுமே. அப்புறம் பார்த்துக்கலாம்."

அண்ணி எப்பவும் இப்படித்தான். சண்டைக்கும் வரமாட்டாங்க, சொன்னதையும் செய்யமாட்டாங்க. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. மணிவேல் அண்ணன் கறி வாங்கப் போயிருந்தார். அண்ணி சின்ன வெங்காயம் அள்ளக் கொல்லைப்பக்கம் போனாங்க. அந்த நேரமாப் பார்த்து நான் தோரணத்தை மொத்தமா அவுத்தேன். ஸ்டூலைப் போட்டு ஏறி ஜன்னலுக்கு மேல இருந்த ஆணியில மாட்டினேன். இப்பதான் வூடு பார்க்க லட்சணமா இருக்குன்னு என்னை நானே மெச்சிக்கிட்டேன்.

அப்பதான் அப்பா ரூமை விட்டு வெளியே வந்தார். முப்பது வருஷம் கவர்மெண்ட் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இன்னும் நடையில அந்த மிடுக்கு இருக்கும்.

"அம்சவள்ளியா? குரல் கேட்டுச்சு. எப்பம்மா வந்தே?"

கேட்டது என்னைத்தான். பார்த்தது டிவி பக்கம்.

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரோட கை சுவத்துல எதையோ தேடுச்சு. மேல தடவினார், கீழ தடவினார். ரெண்டடி வச்சுட்டு அப்படியே நின்னுட்டார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. கால் மரத்துப் போச்சு. கொஞ்சம் நின்னுட்டுப் போறேன்."

அவர் முகத்துக்கு நேரா நான் கையை ஆட்டினேன்; கண்ணு டிவி பக்கமே நின்னுச்சு.

கொல்லையிலேருந்து வந்த அண்ணி ஒரு பார்வைதான் பார்த்தாங்க. முறத்தைக் கீழே வச்சாங்க. ஆணியிலேருந்து தோரணத்தை உருவி, அதோட ஒரு முனையை அப்பா கையில கொடுத்தாங்க.

"மாமா, இது அவுந்து போச்சு. கொஞ்சம் பிடிச்சுக்கிட்டே என் பின்னாடி வாங்க. பாத்ரூம் கதவுகிட்ட கட்டணும்."

"இதுக்கும் நான்தான் வரணுமாக்கும்"னு சலிச்சுக்கிட்டே அப்பா கயித்தைப் பிடிச்சபடி நடந்தார். பாத்ரூம் கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு.

"எப்பேருந்து அண்ணி?"

"ஆடியிலேருந்தே மங்கல்தான். திருச்சியில பெரிய டாக்டர்கிட்ட காட்டினோம். கண் நரம்பு பட்டுப் போச்சு, இனிமே பார்வை திரும்பாதுன்னுட்டாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மாமாதான் சத்தியம் வாங்கிட்டாங்க. பஸ் ஓட்டினவனுக்குக் கண்ணு போச்சுன்னு ஊர் பேசக் கூடாதாம். நீயும் அழக் கூடாதாம். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா உதறிடறாங்க. அதான் பொங்கலுக்கு அலங்காரம்னு சொல்லி இதைக் கட்டினேன். அவங்களும் அலங்காரம்னே வச்சுக்கிட்டாங்க."

பெத்த பொண்ணு நான். வாரத்துக்கு ஒருதரம் போன் போட்டு "நல்லாருக்கீங்களாப்பா"ன்னு கேட்டதோட சரி. அண்ணி கையைப் பிடிச்சுக்கிட்டேன். சுண்ணாம்பு பட்டு விரலெல்லாம் தோல் உரிஞ்சிருந்துச்சு. "நீங்க நல்லா இருக்கணும் அண்ணி"ன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது.

அப்பா வெளியே வர்றதுக்குள்ள ரெண்டு பேருமா அவசர அவசரமாத் தோரணத்தைப் பழைய இடத்துலயே கட்டினோம்.

பதினோரு மணிக்கு டாண்ணு மாமியார் வந்தாங்க. ஒட்டடை தேடின கண்ணு நேரா சுவத்துல போய் நின்னுச்சு.

"இதென்ன கூத்து? பாத்ரூமுக்குப் போய்த் தோரணம் கட்டியிருக்கு, அதுவும் இடுப்பு உயரத்துல. எந்தப் புத்திசாலி கட்டினது?"

நாற்காலியில இருந்த அப்பா துண்டைச் சரி பண்ணிக்கிட்டார். அண்ணி பதில் சொல்ல வாயெடுத்தாங்க.

நான் முந்திக்கிட்டேன்.

"நான்தான் அத்தை. எங்க வூட்டு வழக்கம் இது."